முதல் இரண்டு இலக்கங்கள்

புதுக் குரல் கருவி வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு பெண்ணைக்கூடத் திருப்பி அழைக்க முடியவில்லை.

வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான உதவி எண் அது. அழைப்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அழைப்பை முதலில் வாங்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி அவருடைய எண்ணைக் குரல் கருவிக்குச் சொல்லும். கருவி, “வணக்கம், நாங்களே அழைக்கிறோம்” என்று சொல்லித் துண்டித்துவிட்டு, எண்ணைத் திரையில் காட்டும். ஆலோசகர் அழைப்பார்.

திரையில் பத்துக்குப் பதில் எட்டு இலக்கங்கள்தான் வந்தன.

ஒரே எட்டு இலக்கம் ஐந்து முறை வந்திருந்தது. கடைசியாக, இன்று காலை. ஆலோசகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழுது பார்க்க வந்த பெண் கம்பியில் காதுக்கருவியைச் செருகிக் கேட்டாள்.

“எடுத்த உடனே இது ‘வணக்கம்’னு ஆரம்பிச்சிடுது மேடம். எக்ஸ்சேஞ்ச் நம்பர் சொல்றதைக் காதுல வாங்கல. முதல் ரெண்டு போயிடுது.”

“மாமியார் மருமக கதைதான். ரெண்டும் ஒரே நேரத்துல பேசுதுங்க” என்றார் ஆலோசகர்.

அவள் சிரித்தாள். எக்ஸ்சேஞ்சை ஒரு நொடி பொறுத்துப் பேசும்படி மாற்றினாள். தன் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தாள். பத்தும் வந்தன.

“இனிமே வர்றது சரி. இந்த அஞ்சு தடவை கூப்பிட்டவ?” ஆலோசகர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“பழசை எக்ஸ்சேஞ்ச் வச்சுக்காது மேடம். போனது போன…”

கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எட்டு இலக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“முன்னாடி தொண்ணூத்தி நாலு போடுங்க.”

“குத்துமதிப்பா எல்லாம் போடக் கூடாதும்மா. எந்த வீட்ல யாரு எடுப்பாங்களோ.”

“இப்பவே கூப்பிடுங்க. மூணு மணிக்கு மேல வேணாம். அதுவரைக்கும் வீட்ல வேற யாரும் இருக்க மாட்டாங்க.”

ஆலோசகர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் கம்பியை மேசைமேல் வைத்தாள்.

“எங்க அக்கா, மேடம். நேத்துகூட என்கிட்ட நல்லாத்தான் பேசினா.”