பத்து மணி நெருப்பு

வயரில் கோளாறு இல்லை.

கோவிந்தப்பன் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டான். பட்டு ஆலைக்குக் கரண்ட் வந்தே இரண்டு வருஷம்தான். எலக்ட்ரீஷியன் என்று இருப்பது அவன் ஒருவன். நெருப்பு மணியின் வயரைப் பாதி பாதியாகக் கழற்றி, பாட்டரியும் பல்பும் வைத்துச் சோதித்தான். எங்கேயும் கரண்ட் மண்ணுக்குக் கசியவில்லை.

ஆனாலும் பத்து நாளாக, காலை பத்து மணிக்கு மணி தானாக அடிக்கிறது.

மழைக்காலமென்றால் சுவர் ஊறி, வயர் வழியாகக் கரண்ட் மண்ணில் இறங்கும், மணி அடிக்கும். இது மாசி மாதம்.

“இன்னைக்கும் வீணா அடிச்சா மணியையே கழட்டி எறிஞ்சிடுவேன்,” என்றிருந்தார் மேனேஜர்.

உள்ளே நூற்றிருபது பெண்கள். பட்டுக்கூடு அவிக்கப் பன்னிரண்டு அடுப்புகள். ஒரே கதவு.

அவன் வயரை விரலால் தடவிக்கொண்டே நடந்தான். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர்க் குழாயை வயர் நெருங்கும் இடத்தில் விரல் நின்றது. மேலுறை ஓர் அங்குலம் சுரண்டப்பட்டிருந்தது. செம்பு பளபளத்தது. குழாயின் பின்னால் ஒரு கொண்டை ஊசி.

ஊசியை அங்கேயே விட்டான். பட்டுக்கூடு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு, நூல் எடுக்கும் செல்லி குடத்தோடு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஊசியால் செம்பையும் குழாயையும் சேர்த்துத் தொட்டாள்.

மணி அடித்தது.

“வாங்கடி, வாங்கடி. நேரம் தவறாத நெருப்பு!” நாராயணம்மா சிரித்தபடி மற்ற பெண்களுக்கு முன்னால் வாசலுக்குப் போனாள். யாரும் ஓடவில்லை.

அவனும் வெளியே வந்தான். எல்லோரும் புளியமரத்தடியில் நின்றார்கள். செல்லி மட்டும் வேலிக்கு ஓடினாள். அங்கே அவள் புருஷன் மாதப்பன் கைக்குழந்தையோடு நின்றிருந்தான். அதை வாங்கி, திரும்பி உட்கார்ந்து, முந்தானைக்குள் அணைத்தாள். அழுகை நின்றது.

பெயரைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் மணி போகும்.

மேனேஜர் வேகமாக வந்தார். “என்னப்பா இது?”

“எர்த் கோளாறு சார். கண்டுபிடிச்சிட்டேன், இப்பவே டேப் சுத்திடறேன்.” புளியமரத்தடியைக் கைகாட்டினான். “ஆனா இவங்க நடக்கறதப் பாத்தீங்களா? நெசமா நெருப்பு வந்தாலும் இப்படி ஆடி அசைஞ்சுதான் வருவாங்க. தெனம் பத்து மணிக்கு நாமளே மணியடிச்சு, வேகமா வெளிய வரப் பழக்கணும்.”

மேனேஜர் அந்த ஒற்றைக் கதவைப் பார்த்தார்.

“சரி. அஞ்சு நிமிஷம் போதுமில்ல?”

கோவிந்தப்பன் வேலிப் பக்கம் பார்த்தான். செல்லி குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“இருபது ஆகும் சார்.”