பச்சை

நிலத்தடி நீரைக் காப்பதற்காக, விதைக்காத நிலத்துக்குத்தான் அரசு மானியம் கொடுத்துவந்தது. அந்தக் கரிசல் ஊருக்கு வேறு பிழைப்பில்லை. செயற்கைக்கோள் நாள்தோறும் மேலிருந்து பார்த்தது. எங்காவது பச்சை தெரிந்தால் ஊர் முழுவதற்கும் மானியம் நின்றுவிடும்.

அந்த மாதம் நின்றுவிட்டது. பச்சை தெரிந்தது பேச்சித்தாயின் நிலத்தில். காய்ச்சலில் இறந்துபோன மகளை அவள் அங்கேதான் புதைத்திருந்தாள். மண்மேட்டின் மேல் நட்ட மாதுளங்கன்று இடுப்பளவு வளர்ந்து செழித்திருந்தது.

ஊரே அவள் வாசலில் வந்து நின்றது. கடைசியில் அவளுடைய கொழுந்தன் சுடலைமணிதான் பேசினான்.

“மதினி, எங்க வீட்டுலயும் புள்ளைக இருக்கு. நீத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குதுக.”

“இப்பத்தான்யா பூ விட்டுருக்கு. ஒரு காயி காய்க்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

அவன் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பேச்சித்தாய் உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்தாள். “வேரோட யாரும் புடுங்காதீங்க. வேரு அவளைப் பிடிச்சிருக்கும். நானே அறுத்துருதேன்.”

தரையோடு தரையாக அறுத்தாள். மறுபடியும் துளிர்த்துவிடாமலிருக்கச் சுடலைமணி அந்த இடத்தில் கல்லுப்பைக் கொட்டினான். கொட்டும்போது அழுதான்.

மானியம் வந்தது. ஊரில் உலை கொதித்தது.

ஆடிக்காற்று அந்த மண்மேட்டை நிரவி, அறுத்த அடியையும் புழுதியால் மூடிவிட்டது. மகளின் திவசத்தன்று பேச்சித்தாய் செம்பில் பாலோடு போனாள். ஒரே மாதிரி கிடந்த கரிசலில், பாலை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் வெயில் ஏறும்வரை நடந்துகொண்டிருந்தாள்.