பெரிய பாதி

"அழுத்துங்க, அழுத்துங்க, விட்டுடாதீங்க! முள் ஏறுது!"

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் பந்தை நசுக்க, அதோடு இணைந்த மீட்டரில் முள் கிடுகிடுவென்று ஏறியது. சோதனை தொடங்கியபோது தண்ணீர்க் குழாயைக்கூடத் திருக முடியாத கை அது.

"அக்காவைவிட எனக்கு ஜாஸ்தி!" என்று தங்கை குதித்தாள்.

"பெரிய மலையைப் புரட்டிட்டே! நீ சின்னவ, அதான்" என்றாள் அக்கா. அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா, தங்கை இருவருக்குமே முடக்குவாதம். நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைக் கடித்துக் குதறும் வியாதி. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதேதான். அந்த வேலிக்குப் புத்தி சொல்லத்தான் டாக்டர் ஒரு சொட்டு மருந்தைக் கண்டுபிடித்திருந்தார். சோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். இன்றைக்குத்தான் அது வாயைத் திறக்கப்போகிறது.

"உங்க ரெண்டு பேருக்கும் வாய்ப்புண் வந்துச்சா?" டாக்டர் கவலையோடு கேட்டார். "குணமான மத்தவங்க எல்லாருக்கும் வாயெல்லாம் வெந்து போச்சு. புண் வராம குணப்படுத்த வழி இருந்தா சொல்லு, இல்லேன்னா கடையை மூடுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"எங்களுக்கா? பச்சை மிளகாயைக் கடிச்சுத் தின்போம் டாக்டர்!"

"அதிசயமா இருக்கே! ரெண்டு பேருக்குமே மருந்துதான் கிடைச்சிருக்கு, பந்தயம்!" டாக்டர் பரபரவென்று கம்ப்யூட்டரைத் தட்டினார். அது ஆற அமர யோசித்தது.

அதற்குள் அக்காவுக்குப் பசி. பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. தங்கை பெரிசை லபக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"பாருங்க டாக்டர், எங்க தையல் கடையில துணி வெட்டுறது இவதான். ஒரு நூல் பிசகாது. ஆனா ஒரு பன்னை நடுவுல பிய்க்கத் தெரியாது! நாங்க போடுற சண்டை தாங்காம எங்க அம்மா அப்பவே ஒரு சட்டம் போட்டாங்க. ஒருத்தி பிரிக்கணும், மத்தவ முதல்ல எடுக்கணும். பிரிக்கிறது எப்பவும் இவ. லாபம் எப்பவும் எனக்கு!"

"வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதடி" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டர் கண் திறந்தது. டாக்டரின் முகம் வாடிப்போனது.

"பெரியவங்களுக்கு மருந்து. சின்னவங்களுக்கு... உப்புத் தண்ணி."

"அப்போ என் கை எப்படிச் சரியாச்சு?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன். வெறும் உப்புத் தண்ணியிலயே குணமாகும்னா என் மருந்து எதுக்கு? இத்தனை வருஷ உழைப்பும் விழலுக்கு இறைச்ச நீரா?" டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கைதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"திட்டக் கூடாது டாக்டர். ஒருத்தருக்கு மருந்தும் ஒருத்தருக்குத் தண்ணியும் வரலாம்னு முதல் நாளே சொன்னீங்க. ஒரே வீட்டுல ஒருத்தி எழுந்து நடமாடி, இன்னொருத்தி முடங்கிக் கிடந்தா நல்லாவா இருக்கும்? அதான் தினமும் ரெண்டு பேர் சொட்டையும் ஒரே கிண்ணத்துல கலந்து, ரெண்டு ஸ்பூன்ல பிரிச்சுக் குடிச்சுட்டோம்."

டாக்டர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார்.

"அடப் பாவிகளா! முறைப்படி உங்க ரெண்டு பேரையும் சோதனையிலிருந்தே... இருங்க, இருங்க. அப்படின்னா ரெண்டு பேருக்கும் போனது அரைகுறை மருந்துதான். ஆனா கை சரியாச்சு. புண்ணும் வரலை!" மேஜையில் ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது. "குறைச்சுக் கொடுத்தா பலிக்காதுன்னு நாங்க தொட்டுக்கூடப் பார்க்கலையே! இப்பவே மேலிடத்துக்குச் சொல்றேன். கடையை மூட வேண்டாம், குறைஞ்ச அளவுல முறையா ஒரு சோதனை வைப்போம்!"

"என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்!" தங்கை போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நடந்தால் வலிக்கும் என்று முதல் நாள் சக்கர நாற்காலியில் வந்தவள்தான் அப்படி ஓடினாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே மீட்டர் எண்களை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சரிபாதின்னா ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணாத்தானே இருக்கணும்? தங்கச்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஜாஸ்தி? ஸ்பூன்ல ஊத்தினது யாரு?"

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். வேணும்னேதான் கோணலாப் பிரிக்கிறேன்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து சின்னதைத்தான் எடுப்பா."