நின்று நின்று நடந்தவன்

வண்டி இழுத்துப் பழகிய மயிலைக்காளை ஒன்று இருந்ததாம். அதற்குப் புது ஜோடியாக ஒரு செவலைக்காளை வந்து சேர்ந்தது. முதல் நாளே மலைப்பாதை இறக்கத்தில் செவலை பின்னுக்குச் சாய்ந்து, நின்று நின்று நடந்தது.

“என்னடா தம்பி, மாமியார் வீட்டு விருந்துக்கா போறே? இறக்கத்துலகூடக் கால் எழும்பலையா?” என்றது மயிலை.

“இல்லண்ணே, அது வந்து…”

“சோம்பேறிக்குச் சாக்கா பஞ்சம்!”

அன்று மனதில் விழுந்தது விழுந்ததுதான். மேட்டில் செவலை மூச்சுமுட்ட இழுத்ததெல்லாம் மயிலையின் கண்ணில் படவேயில்லை. இவனோடு நடக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. வண்டிக்காரர் வேறு வழியில்லாமல் செவலையை விற்றுவிட்டார்.

அடுத்து வந்த காளை இறக்கத்தில் துள்ளிக்கொண்டு ஓடியது. பாரவண்டி கடகடவென்று உருண்டு வந்து மயிலையின் பின்னங்காலில் மோதியது. இத்தனை நாளும் அந்தப் பாரத்தைத் தன் உடம்பால் பிடித்து நிறுத்தியது யார் என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

ஒருநாள் எதிரே வந்த வண்டியில் செவலை பூட்டியிருந்தது.

“அண்ணே, கால் ஏன் நொண்டுது? பாத்து நடங்கண்ணே” என்றது.

மயிலை தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் இரண்டு வண்டிகளும் விலகிப் போய்விட்டன.