எந்தக் கையானாலும்

“கையைக் கழுவிட்டு வாங்க டாக்டர்.”

பெரிய டாக்டரிடம் இப்படிப் பேசவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த நர்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். இன்குபேட்டருக்குள் போகவிருந்த அவர் கை நின்றது.

“இப்பதானேம்மா கழுவினேன்?”

“அப்புறம் போனைத் தொட்டீங்க. குழந்தைக்குப் போட்டிருக்கிற குழாய் ரத்தநாளம் வழியா நெஞ்சு வரைக்கும் போகுது. கிருமி உள்ள போனா நேரா ரத்தத்துலதான். நீங்க பெரிய டாக்டர்னு அதுக்குத் தெரியாது.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே கழுவப் போனார்.

“பிரசவ லீவுலகூட உன் வாய் அடங்காதா?” என்று அலுத்துக்கொண்டாள் தலைமை நர்ஸ். “சரி, வா. உன் பொண்ணு முழிச்சிருக்கா, தொட்டுப் பாரு.”

அந்த நர்ஸ் சோர்வோடு தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நகச்சுற்று, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது.

“காலையிலேயே முடிவு பண்ணிட்டேன் அக்கா. இது ஆறுற வரைக்கும் என் கையும் வேண்டாம்.”

மகளைத் தொடாமலே வெளியே நடந்தாள்.