சக்கரை போடாத டீ

“ஏனுங்க, எந்திரிங்க. நடக்கப் போலாம்” என்று போர்வையை இழுத்தாள் ரங்கநாயகி.

“இன்னிக்கு ஒருநாள் உடு அம்மணி, கால் வலிக்குது” என்றார் சென்னியப்பன்.

“சக்கரையை ஏத்தி வெச்சுக்கிட்டு கால் வலியாமா! நடந்தாத்தான் குறையுமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் முனகிக்கொண்டே தாங்கள் குடியிருந்த கணபதிப் பகுதியின் தெருக்களைச் சுற்றிவந்தார். திரும்பும் வழியில் டீக்கடையில், “அவருக்குச் சக்கரை போடாதீங்கண்ணா” என்றாள். மாதக்கணக்கில் இதே கதைதான்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ரங்கநாயகியை வியப்போடு பார்த்தார்.

“மார்புப் புற்றுக்கு மருந்து ஏத்துனப்போ எழுந்து உட்காரவே முடியலைன்னு அழுதீங்க. நடங்க, அசதி குறையும்னு எத்தனையோ தடவை சொன்னேன், கேக்கலை. இப்போ முகமே தெளிஞ்சிருக்கு. எப்படிம்மா?”

“எனக்காக எங்கீங்க நடந்தேன்? இவருக்குச் சக்கரைங்க. கூட ஆளில்லாட்டி நடக்கமாட்டாருங்க.”

“அப்படியா? எப்போ இருந்துங்க சக்கரை?” என்று டாக்டர் கேட்டார். சென்னியப்பன் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் அதே டீக்கடை.

“அண்ணா, இவருக்குச் சக்கரை தூக்கலாப் போடுங்க” என்றாள் ரங்கநாயகி.

அவர் திடுக்கிட்டார். “எப்பத் தெரியும் அம்மணி?”

“மொத வாரமே. ஒரு மாத்திரைகூட வாங்காத சக்கரை எந்த ஊர்லீங்க இருக்குது?”

“அப்புறம் ஏன் நடந்தே?”

“எனக்காக இந்த டீயைச் சக்கரையில்லாமக் குடிக்கிற மனுசனுக்காக நடக்கமாட்டேனுங்களா? நாளைக்கும் நேரத்துல எந்திரிக்கோணும், ஆமா!”