கருப்பனின் தலை

1986-இல் அரூர்ப் பக்கம் மூளை ஆபரேஷன் நடந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான்.

அந்த மெஷினைப் பிரசவ நர்சிங் ஹோம் ஒன்றில் இரவல் வாங்கினோம். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கருப்பனின் மண்டையில் துளை போட்டாகிவிட்டது. உள்ளே நீர்க்கட்டி ஒன்று மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. கருவியைத் துளையில் வைத்ததும் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது.

"கையை ஆட்டாத கஸ்பார். ஊசி கொஞ்சம் தப்புனா உசுரு போயிரும்" என்றார் டாக்டர் அருள்நாதன்.

வாசலில் தீர்த்தம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "கருப்பன எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க சாமி! மூணு வருசமா கண்ணாட்டம் வளத்தேனுங்க."

திடீரென்று கரண்ட் குறைந்தது. திரை மங்கியது.

"எங்கய்யா வட்டம்?"

"இடது பக்கம் சார். இன்னும் கொஞ்சம். அங்கதான்!"

ஊசி இறங்கியது. நீர் பீச்சி அடித்தது. திரையில் வட்டம் சுருங்கிச் சுருங்கி மறைந்தது. கால் மணி நேரத்தில் கருப்பனின் கண் திறந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "பொழச்சிட்டாம்மா. தலையில தழும்பு மட்டும் இருக்கும்."

தீர்த்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இருந்துட்டுப் போவுதுங்க. நேந்து வுட்ட கெடா முன்னாடியே செத்துட்டா முனியப்பன் சும்மா வுடுவாருங்களா? அடுத்த மாசம் வெட்டறோம், கறிச்சோத்துக்கு நீங்களும் வந்துருங்க சார். தல எப்படியும் பூசாரிக்குத்தான் போவுது."